இரண்டு பதினேழு

காலை பத்து மணி இருக்கும். பல்லடம் பக்கத்தில் ஒரு நூல்மில்லின் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“சார், எட்டாம் நம்பர் ஃபிரேமை நேத்தே பிரிச்சுப் போட்டாச்சுங்க. டேப்பெல்லாம் கழட்டிக் கூடைல கிடக்குது. உங்க ஸ்கிரீன்ல பதினாறாயிரத்து நானூறுல ஓடுதுன்னு காட்டுதுங்களே?”

ஸ்கிரீனைத் திறந்து பார்த்தேன். ஒரு நிமிடம் பூஜ்யம். அடுத்த நிமிடம் 16,400. மறுபடி பூஜ்யம். அப்புறம் தொடர்ந்து இரண்டு நிமிடம் 16,380, 16,410. பிரித்துப் போட்ட மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ப்ரோக்ராம் கிராஷ் ஆனால் எனக்குப் பயமில்லை. விழுந்த கணத்தின் நினைவகத்தைப் பதிந்த கோர் ஃபைல் கிடக்கும், பிழை தேடும் ஜிடிபியில் அதைத் திறந்தால் எந்த வரியில் விழுந்தது என்று தெரிந்துவிடும். விழாமல் நிற்காமல் தப்பான எண்ணை நிதானமாகக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் வயிற்றைக் கலக்கும். அந்த எண்ணை வைத்து ஒருவர் ஷிப்ட் உற்பத்தியைக் கணக்கிடுகிறார். அந்தக் கணக்கை வைத்து இன்னொருவருக்கு இன்சென்டிவ் போடுகிறார்கள்.

ப்ரோக்ராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரிங் ஃபிரேமிலும், அதாவது நூல் நூற்கும் மெஷினிலும், ஒரு சின்னக் கருவி. 2ஜி சிம் போட்டது. நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்பிண்டில் வேகம், நூல் அறுந்த எண்ணிக்கை முதலியவற்றை டிசிபி வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்பும். கனெக்ஷன் போட்டதும் முதல் செய்தியில் மட்டும் தன் அடையாள எண்ணைச் சொல்லும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் இருபத்துச் சொச்சம் பைட்டுகள்தான், யார் அனுப்பியது என்று அதில் இருக்காது. சிம் டேட்டாவை மிச்சம் பிடிக்க நாங்கள் அப்படி முடிவு செய்திருந்தோம். கனெக்ஷன்தான் ஆள். இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் முழுக்க சி மொழியில் நான் எழுதியது. லினக்ஸில் ஓடும், சுமார் 400 கனெக்ஷன்கள். ஒரே ப்ரோக்ராமுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் வேலைக் கிளைக்கு த்ரெட் என்று பெயர். புதியவர்களை வரவேற்க ஒரு த்ரெட். வேலை செய்ய எட்டு த்ரெட்கள், ஒவ்வொன்றும் ஐம்பது கனெக்ஷன்களை, எதில் டேட்டா வந்திருக்கிறது என்று சொல்லும் ‘போல்’ (poll) அழைப்பில் வைத்துக் கவனிக்கும். அப்புறம் ஒரு காவல்கார த்ரெட். பத்து விநாடிக்கு ஒரு தடவை முழுப் பட்டியலையும் பார்த்து, 120 விநாடி பேசாமல் இருப்பவர்களின் கனெக்ஷனை மூடுவது அதன் வேலை.

முதலில் சந்தேகம் போனது கருவி மேல். கருவியை வடிவமைத்த அண்ணன் பக்கத்து அறையில்தான் இருந்தார். “அண்ணா, பழைய ரீடிங்கை பஃபர்ல இருந்து எடுத்து அனுப்புதா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஓர் உதிரிக் கருவியை என் மேஜையில் கொண்டுவந்து வைத்து இரண்டு நாள் ஓட விட்டார். ஒரு தப்பு வரவில்லை.

அடுத்து எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். டேட்டாவை வாங்கும் ரிசீவ் அழைப்பைச் சுற்றி, நடப்பதை எழுதிக் காட்டும் பிரின்ட்எஃப் வரிகளைப் போட்டேன். யாரிடமிருந்து, எத்தனை பைட், எந்த த்ரெட் என்று எல்லாவற்றையும் அச்சிடச் சொன்னேன். ஒன்பது நாள் ஒரு தப்பும் வரவில்லை. பிரின்ட்எஃப்பை எடுத்தேன், மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

பார்க்கப் போனால் மறைந்துகொள்ளும் இந்த வகை பக்குக்கு, அதாவது ப்ரோக்ராம் பிழைக்கு, ஹைசன்பக் என்று பெயர். ஜிம் கிரே 1985இல் டாண்டம் நிறுவனத்தில் இருந்தபோது கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று எழுதிய அறிக்கையில் இந்தச் சொல் வருகிறது. இதில் மாயம் ஒன்றும் கிடையாது. ஒரே ஃபைலுக்கு எழுதும் பிரின்ட்எஃப்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. எட்டு த்ரெட்டும் ஒவ்வொரு செய்திக்கும் அந்தப் பூட்டுக்கு முன் வரிசையில் நிற்கும். நான் வேடிக்கை பார்க்கத்தான் பிரின்ட்எஃப் போட்டேன். அது த்ரெட்களை வரிசைப்படுத்திவிட்டது.

அதனால் ப்ரோக்ராமைத் தொடாமல் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நெட்வொர்க்கில் வருவதைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, அடுத்த தப்பு வரும்வரை காத்திருந்தேன். வந்தது. 16,400 என்ற ரீடிங் கம்பி வழியாக வந்தபோது உடுமலை மில்லின் மூன்றாம் ஃபிரேமிலிருந்து, அதன் போர்ட் எண்ணோடு, ஒழுங்காக வந்திருந்தது. டேட்டாபேஸில் மட்டும் பல்லடம் எட்டாம் ஃபிரேம் பெயரில் உட்கார்ந்திருந்தது. கருவி நிரபராதி. நெட்வொர்க் நிரபராதி. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலிருந்து என் கோடுக்குள் நுழைந்த பிறகுதான் ஆள் மாறாட்டம் நடந்திருக்கிறது. அண்ணன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு பதினொன்றரைக்கு மறுபடி வந்தபோது ஜிகோர் போட்டேன். அது ஓடும் ப்ரோக்ராமை முடித்துவிடாமல், அந்தக் கணத்தில் அதன் நினைவகம் முழுவதையும் ஒரு ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். அதை ஜிடிபியில் திறந்து, கனெக்ஷன் பட்டியலில் ஒவ்வொரு இடத்திலும் என்ன ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் (ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் கர்னல் தரும் எண்), என்ன அடையாளம் என்று வரிசையாக அச்சிட்டேன். நானூறு வரிகள். சுட்டுவிரலைத் திரையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். 88ஆம் இடம்: டிஸ்கிரிப்டர் 17, பல்லடம் எட்டு. 141ஆம் இடம்: டிஸ்கிரிப்டர் 203, மறுபடியும் பல்லடம் எட்டு. 312ஆம் இடம்: டிஸ்கிரிப்டர் 17, உடுமலை மூன்று.

ஒரே ப்ரோக்ராமில் இரண்டு பதினேழு. இருக்கவே முடியாது. கர்னல் ஒரு எண்ணை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்கும்.

அந்த மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கர்னல் ஒருவருக்குத்தான் கொடுக்கும் என்றால், இரண்டில் ஒன்று பழைய பதினேழு. மூடப்பட்டுவிட்டது. ஆனால் 88ஆம் இடத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் பல்லடத்தின் பதினேழை மூடியது யார்?

புதிதாக ஒரு சாக்கெட், அதாவது கனெக்ஷனின் நம் பக்க முனை, திறந்தால், அப்போது யாரிடமும் இல்லாத எண்களில் மிகச் சிறியதைத்தான் தர வேண்டும் என்பது யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் விதி. 17 மூடப்பட்டால், அதைவிடச் சிறிய எண் எதுவும் சும்மா இல்லாத வரைக்கும், அடுத்து வருபவருக்கு 17தான். கோயில் வாசலில் செருப்பு விட்டு டோக்கன் வாங்குவோமே, அது மாதிரி. டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொண்டு ஒருவர் போனதும் அதே டோக்கன் அடுத்தவர் கைக்குப் போகும். டோக்கனைக் கொடுத்தவர், எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு திரும்ப வந்து “பதினேழு” என்று கேட்டால், கிடைப்பது வேறொருவர் செருப்பு. நிஜக் கடையில் டோக்கனைக் காட்டச் சொல்வார்கள். கர்னல் கேட்காது. எண்ணைச் சொன்னால் போதும்.

இப்போது காவல்கார த்ரெட்டின் கோடைத் திறந்து படித்தேன். அது பட்டியலைப் பூட்டும். 120 விநாடி பேசாதவர்களின் எண்களை ஒரு தனி வரிசையில் குறித்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கும். பிறகு அந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸில் ‘துண்டிக்கப்பட்டது’ என்று எழுதி, கனெக்ஷனை மூடும் க்ளோஸை அழைக்கும். பூட்டை வைத்துக்கொண்டு டேட்டாபேஸுக்குப் போகக் கூடாது, மற்ற த்ரெட்கள் காத்துக் கிடக்கும் என்று யோசித்துத்தான் அப்படி எழுதியிருந்தேன். அந்த யோசனை சரி. ஆனால் பூட்டைத் திறந்த கணத்திலிருந்து அந்த வரிசையில் இருப்பவை வெறும் எண்கள். டவர் ஒன்று தடுமாறி முப்பது கருவிகள் ஒரே நேரத்தில் அமைதியானால், முப்பது டேட்டாபேஸ் எழுத்துகள். கடைசி எண் க்ளோஸுக்கு வருவதற்குள் அரை விநாடி ஓடிவிடும்.

அந்த அரை விநாடியில் என்ன நடக்கும்? கருவியிலும் அண்ணன் 120 விநாடிதான் வைத்திருந்தார். பதில் வராவிட்டால் கனெக்ஷனை மூடிவிட்டுப் புதிதாகப் போடு என்று. இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து எழுதியது. டவர் மீண்டதும் தேங்கிக் கிடந்த பைட்டுகளும் மூடும் செய்தியும் சேர்ந்து வந்து விழும். கூடவே புதுக் கனெக்ஷன்களும் கூட்டமாக வரும்.

அவிநாசியில் ஒரு கருவி, எண் 17. காவல்காரர் 17ஐக் குறித்துக்கொள்கிறார். அதற்குள் அவிநாசி தானே மூடிக்கொள்கிறது, அதைப் பார்த்த வேலை த்ரெட் 17ஐ க்ளோஸ் செய்கிறது. அடுத்த மில்லிவிநாடியில் பல்லடம் எட்டு புதிதாக வருகிறது. அதற்கு 17. இப்போது காவல்காரர் தன் வரிசையில் 17க்கு வந்து, க்ளோஸ். மூடப்பட்டது பல்லடம். பல்லடத்தின் இடமான 88க்கு இது தெரியாது. அடுத்து உடுமலை வருகிறது. அதற்கும் 17.

இனி 88உம் 312உம் இரண்டு வேறு த்ரெட்களில் ஒரே சாக்கெட்டைக் கவனித்துக்கொண்டிருக்கும். உடுமலை ஒரு ரீடிங் அனுப்பினால் இரண்டும் விழித்துக்கொள்ளும். யார் முந்துகிறாரோ அவருக்குப் பைட்டுகள். 88 முந்தினால் உடுமலையின் 16,400 பல்லடத்தின் கணக்கில் ஏறும். பல்லடம் வேறு கனெக்ஷனில் திரும்ப வந்து, 203இல் உட்கார்ந்து, உண்மையான பூஜ்யத்தைத் தனியாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்கிரீனில் பூஜ்யமும் 16,400உம் மாறிமாறி வந்தது இதனால்தான். 88க்குப் பைட் கிடைத்துக்கொண்டே இருப்பதால் காவல்காரர் அதைப் பேசாதவர் பட்டியலில் சேர்க்கவே மாட்டார். அடுத்தவர் சோற்றைத் தின்று உயிரோடு இருக்கும் பேய் அது.

தடயங்கள் முன்பே இருந்தன. 17 மூடப்பட்டு உடுமலைக்குப் போவதற்கு இடைப்பட்ட நேரத்தில் ‘இந்த எண் செல்லாது’ என்று ‘போல்’ அழைப்பு ஒரு குறியைத் திருப்பித் தந்திருக்கும். என் கோடு டேட்டா வந்ததா என்ற ஒரு குறியை மட்டும்தான் பார்த்தது. டேட்டா இருக்கிறது என்று ‘போல்’ அழைப்பு சொல்லி, ரிசீவ் அழைத்தால் ஒன்றும் இல்லை, அப்புறம் வா என்று ஈஅகெயின் வந்த வரிகள் பழைய லாகில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒரு சாக்கெட்டுக்கு ஒரு வாசகர்தான் என்றால் அது இவ்வளவு அடிக்கடி நடக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, கோடில் க்ளோஸ் வரும் இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் அது திருப்பித் தரும் மதிப்பைப் பார்க்கவில்லை. மூடுவதில் என்ன தோல்வி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஈபேட்எஃப், அதாவது அப்படி ஒரு எண் திறந்தே இல்லை என்று பதில் வந்தால் எண்ணும்படி மாற்றி ஒரு நாள் ஓட விட்டேன். மாலைக்குள் 41 தடவை. ஒரே கனெக்ஷனை இரண்டு பேர் மூடுவது தினசரி நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோற்ற 41 க்ளோஸ்களும் தீங்கில்லாதவை. இரண்டாவது தடவை மூடப் போனபோது அந்த எண்ணை இன்னும் யாரும் எடுத்திருக்கவில்லை, அதனால் கர்னல் மறுத்துவிட்டது. தீங்கு செய்த க்ளோஸ் எது என்றால், எடுத்துவிட்ட பிறகு போய் மூடியது. அது வெற்றி. அது பூஜ்யத்தைத் திருப்பித் தரும். எந்த லாகிலும் பிழையாக விழாது. தோல்விகளை எண்ணித்தான் அந்த வெற்றி ஒன்று எங்கோ நடக்கிறது என்று ஊகிக்க முடியும்.

ஊகத்தை நிரூபிக்க வேண்டும். பிரின்ட்எஃப் மறைக்கும் என்று தெரியும், அதனால் எதிர்த்திசையில் போனேன். காவல்காரர் எண்களைக் குறித்து முடித்த இடத்துக்கும் க்ளோஸ் அழைக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு விநாடி தூங்கச் சொன்னேன். ஐம்பது கருவிகள்போல நடித்து, கனெக்ஷன் போட்டு, அமைதியாகி, மூடி, திரும்ப வரும் ஒரு சின்ன ப்ரோக்ராமையும் எழுதினேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த பக் மூன்று நிமிடத்தில் நான்கு தடவை வந்தது. சந்தேகப்படும் இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக்கிப் பார்ப்பதைவிட நேரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. சந்தேகம் தப்பென்றால் ஒன்றும் மாறாது. சரியென்றால் கொட்டும்.

நான் முதலில் செய்த திருத்தம் தப்பு. வேலை த்ரெட் மூடியதும் கனெக்ஷனில் எண்ணை -1 ஆக்கியது, காவல்காரர் க்ளோஸ் செய்வதற்குச் சற்று முன் அந்த எண் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தது. இடைவெளி அரை விநாடியிலிருந்து மைக்ரோவிநாடிகளாகச் சுருங்கியது. சோதனை ஒரு முழு நாள் சுத்தமாக ஓடியது. போட்டுவிட்டோம். ஏழு வாரம் கழித்து உடுமலையிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. வாரம் ஒரு தடவை வரும் பக்கைப் பிடித்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதை எப்படிப் பிடிப்பது? நானே அதைப் பிடிக்க முடியாததாக ஆக்கியிருந்தேன்.

அப்போதுதான், த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிட்டைசரை ஒழுங்காக உட்கார்ந்து பயன்படுத்தினேன். கம்பைல் செய்யும்போது ஒரு ஃப்ளாக் சேர்த்தால் போதும். க்ளாங் கம்பைலரில் 2012 முதலும் ஜிசிசி கம்பைலரில் 2013இல் வந்த 4.8 பதிப்பு முதலும் இருக்கிறது. ப்ரோக்ராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு தின்னும், அதனால் நிஜ சர்வரில் வைக்க முடியாது. ஆனால் அதன் பலமே வேறு. பக் நடந்தே ஆக வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிவைத்த ‘எது எதற்கு முன் நடந்தது’ என்ற உறவை வைத்துக்கொண்டு, இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தைத் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதி, அவற்றின் வரிசையை எந்தப் பூட்டும் உறுதி செய்யவில்லை என்றால் அப்போதே சொல்லிவிடும். அன்றைக்கு அதிர்ஷ்டவசமாக ஒன்றும் கெடவில்லை என்றாலும் சொல்லும். ஃபைல் டிஸ்கிரிப்டரையும் நினைவகத்தைப் போலவே அது பின்தொடரும். வால்கிரைண்ட் என்ற இன்னொரு சோதனைக் கருவியின் ஹெல்கிரைண்டும் பூட்டுத் தவறுகளை நன்றாகச் சொல்லும், ஆனால் வால்கிரைண்ட் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும். நெட்வொர்க் நெரிசலைக் கிளப்பிப் பார்க்க எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

முதல் ஓட்டத்தில் 23 அறிக்கைகள். பெரும்பாலும் புள்ளிவிவரக் கவுன்ட்டர்கள், பூட்டில்லாமல் ஒன்று கூட்டியவை. அவற்றைத் திருத்தித் திருத்திக் கீழே வந்தபோது கிடைத்தது: ஒரு பக்கம் வேலை த்ரெட் க்ளோஸ் செய்த வரி, இன்னொரு பக்கம் காவல்காரர் எண்ணைச் சரிபார்த்த வரி, இரண்டின் முழு அழைப்பு வரிசையும். ஏழு வாரம் காத்திருந்து வந்தது நாற்பது விநாடியில் வந்து நின்றது.

பட்டியலுக்குப் பூட்டு இருந்தது. எண்ணுக்குப் பூட்டு இல்லை. சரி, ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு மியூடெக்ஸ் பூட்டு போட்டுவிடலாமா? க்ளோஸுக்கு மட்டும் போட்டால் பத்தாது. மில்லிலிருந்து வரும் செட்டிங் கட்டளைகளைக் கருவிக்கு அனுப்பும் இன்னொரு த்ரெட்டும் அந்த எண்ணைத்தான் வைத்து எழுதுகிறது. ஆக, எழுதும்போதும் படிக்கும்போதும் மூடும்போதும் பூட்ட வேண்டும். அல்லது காவல்காரர் க்ளோஸுக்குப் பதில் ஷட்டவுன் அழைக்கலாம். அது கனெக்ஷனை முடித்துவைக்கும், எண்ணை விடுவிக்காது. பலரும் சொல்லும் வழி இது, பாதி சரி. வேலை த்ரெட் அதற்குள் மூடி, எண் கைமாறிவிட்டால், ஷட்டவுனும் தப்பான ஆளின் கழுத்தில்தான் விழும்.

இரண்டு நாள் தாளில் வரைந்து பார்த்த பிறகு அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சி எழுதுவார், ஆனால் த்ரெட் பக்கம் வரமாட்டார். கேட்டுவிட்டு, “ஏம்ப்பா, அந்தக் காவல்காரன் எதுக்கு? அவங்கவங்க ஆளை அவங்கவங்களே பாத்துக்கக் கூடாதா?” என்றார்.

வேலை த்ரெட் எப்படியும் விநாடிக்கு ஒரு தடவை ‘போல்’ அழைப்பிலிருந்து வெளியே வருகிறது. தன் ஐம்பது பேரில் 120 விநாடி பேசாதவர் யார் என்று அதுவே பார்க்கலாம், அதுவே மூடலாம். கட்டளை அனுப்பும் த்ரெட் எண்ணைத் தொடாமல், உரிய வேலை த்ரெட்டின் வரிசையில் செய்தியைப் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு கனெக்ஷனை ஒரே த்ரெட் மட்டும் படிக்கும், எழுதும், மூடும். காவல்கார த்ரெட்டை முழுசாக அழித்தேன். எழுபது வரிகளுக்கு மேல் போயின. அதோடு அடையாள எண் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால் பழையதை நீக்கச் சொன்னேன். ஒவ்வொரு ரீடிங்கிலும் அடையாளத்தின் இரண்டு பைட்டுகளையும் சேர்க்கச் சொன்னேன். சிம் டேட்டாவில் அது ஒரு பொருட்டே இல்லை, முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன். க்ளோஸ் ஈபேட்எஃப் தந்தால் அந்த இடத்திலேயே அபார்ட் அழைத்து ப்ரோக்ராமை விழவைப்பது. ஒரு சர்வரை வேண்டுமென்றே விழவைப்பதா என்று அலுவலகத்தில் எதிர்ப்பு வந்தது. ஆண்ட்ராய்டு இதே பிரச்சினைக்கு 10ஆம் பதிப்பில் எஃப்டிசான் என்ற காவலைக் கொண்டுவந்தது. டிஸ்கிரிப்டருக்கு உரிமையாளர் யார் என்று ஒட்டி வைத்துக்கொண்டு, வேறு ஆள் மூடினால் கத்தும். 10இல் எச்சரிக்கை மட்டும்தான், 11இல் ப்ரோக்ராமையே நிறுத்திவிடும். அதைச் சுட்டிக்காட்டி வாதாடினேன். பத்து விநாடியில் சர்வர் திரும்ப எழுந்துவிடும், கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஒருவருடைய உற்பத்தி இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால் அதை எந்த ரீஸ்டார்ட்டும் திருப்பித் தராது. ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை வருடம் அந்த அபார்ட் அசையவே இல்லை. போன டிசம்பரில் ஒரு நாள் மதியம் அடித்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஃபர்ம்வேர் அப்டேட் அனுப்பும் பகுதியை எழுதியிருந்தார். பிழை வந்தால் போகும் வழியில் ஒரு க்ளோஸ், கடைசியில் இன்னொரு க்ளோஸ். கோர் ஃபைலைத் திறந்து, எந்த வரி என்று பார்த்து, அவரே என்னிடம் வந்து, “அண்ணா, ரெண்டு தடவை மூடியிருக்கேன்” என்றார். விழுந்ததிலிருந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.